டர்பன்ல கல்யாண கிளாஸ், 5க்கு 3.5

சென்னையில இருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்த ஆளு நான், கல்யாணமும் டர்பன்லயேன்னு ஆனதால இங்க கத்தோலிக்க சர்ச் பங்குல நடத்துற 2 நாள் திருமண தயாரிப்பு வகுப்புக்கு ரெண்டு பேரும் போனோம். முதல் நாள் சுத்த போர், புரொஜெக்டர் ரெண்டு தடவ புட்டுகிச்சு, டீ ஆறி பச்சத்தண்ணி. ஆனா மதியம் குடுத்த பீன்ஸ் பன்னி சௌ (உள்ள குடைஞ்ச பிரெட்ல குழம்ப ஊத்தி தர்ற இந்த ஊர் அயிட்டம்) இருக்கே, அரை ஸ்டார் அதுக்குத்தான்.

ரெண்டாவது நாள்தான் விஷயமே. ஒரு நர்ஸ் அக்கா தெர்மாமீட்டர், சார்ட்னு மேஜைல பரப்பி, காலைல படுக்கைய விட்டு எந்திரிக்கறதுக்கு முன்னாடி சூடு பாக்கணும், கருமுட்டை வந்தப்புறம் லேசா ஏறும்னு பென்சில்ல புள்ளி புள்ளியா வச்சு காமிச்சாங்க. 1968ல போப் ஆறாம் பவுல் செயற்கை கருத்தடை கூடாதுன்னு எழுதினாருல்ல, அதனால கொழந்தைய தள்ளிப்போட, கரு தரிக்கற நாள கண்டுபிடிச்சு தவிர்க்கற இந்த வழிதான்.

நான் கட்டிக்கப்போறவ பட்டுனு கேட்டுட்டா, "அக்கா, ஒருத்தருக்கு மட்டும் எச்ஐவி இருந்தா?" எச்ஐவி இவ்ளோ அதிகமா இருக்கற இந்த ஊர்ல கேக்காம வேற எங்க கேக்கறது! அக்கா மழுப்பல. 2001ல தென்னாப்பிரிக்க கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புங்க) காண்டம் பிரசாரத்த கண்டிச்ச அதே அறிக்கையில, அப்படிப்பட்ட தம்பதி மனசாட்சிப்படி முடிவெடுக்கட்டும்னு விட்டத சொன்னாங்க, நோக்கம் கருவ தடுக்கறது இல்ல, உயிர காக்கறதுன்னாங்க. 2016ல, வயித்துல இருக்கற கொழந்தைய பாதிக்கற ஜிகா வைரஸ் பயத்தப்ப போப் பிரான்சிஸ் பிளேன்ல, கர்ப்பத்த தவிர்க்கறது முழுமையான தீமை இல்லன்னதையும் சொன்னாங்க. ஃபாதர் கரெக்டா அப்பதான் செல்ல எடுத்துட்டு வெளிய போனாரு.

கேள்வி நேரம் 10 நிமிஷம் பத்தவே பத்தாது. போறவங்க ஃபிளாஸ்க்ல டீ எடுத்துட்டு போங்க.