மதுரையில் நல்ல கேக் எங்கே கிடைக்கும்?

மதுரையில் கேக் வாங்கப் போனால் நான் முதலில் வெயிலைத்தான் பார்ப்பேன். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரையில் நம்ம ஊர் நிழலே அதைத் தாண்டிவிடும். அதனால் இங்கே பெரும்பாலான கடைகளில் பேஸ்ட்ரியின் மேல் இருப்பது தாவரக் கொழுப்பில் செய்து டப்பாவில் வரும் விப்பிங் க்ரீம். வெள்ளை வெளேரென்று உறுதியாக நிற்கும், ஆனால் தின்று முடித்த பிறகும் மேலண்ணத்தில் பிசுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லூரிக் காலத்திலிருந்து இந்த ஊர்ப் பேக்கரிகளில் சாப்பிட்டு வருகிறேன். என்னைக் கேட்டால், மதுரையின் பலம் க்ரீம் இல்லாத கேக்கில்தான் இருக்கிறது.

சிம்மக்கல், டவுன் ஹால் ரோடு, கோரிப்பாளையம் பக்கத்துப் பழைய பேக்கரிகளில் வெண்ணெய் கேக்கும் வாழைப்பழ கேக்கும் கேளுங்கள். கேட்கும்போதே, "அண்ணே, இன்னைக்குப் போட்டதா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல கடைக்காரர் மழுப்ப மாட்டார். "நேத்துப் போட்டதுண்ணே, இதை விட்டுட்டு ரஸ்க் வாங்குங்க" என்று என்னிடம் சொன்னவர் கடைக்கு இன்றைக்கும் போகிறேன். துண்டை விரலால் மெல்ல அழுத்தினால் மேலெழும்பி வரவேண்டும். ஓரம் உதிர்ந்தால் பழசு.

ஐயங்கார் பேக்கரி என்று போர்டு போட்ட கடைகள் ஊர் முழுக்க உண்டு. முட்டை சேர்க்காமல் சுடும் இந்த வழி கர்நாடகத்தின் ஹாசன் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே தேன் கேக் வாங்குங்கள். பாகு அடிவரை இறங்கியிருக்க வேண்டும், ஆனால் அடிப்பாகம் குழைந்திருக்கக் கூடாது. மேலே ஜாம், அதன்மேல் தேங்காய்த் துருவல். துருவல் காறினால் அந்தக் கடையில் மற்ற எதையும் நம்ப வேண்டாம்.

பப்ஸுக்குச் சரியான நேரம் சாயங்காலம், ட்ரே அடுப்பிலிருந்து இறங்கும் சமயம். எந்த நேரத்தில் போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு போவது நல்லது. மைக்ரோவேவில் சூடுபண்ணித் தந்தால் அடுக்குகள் நமத்து இழுபடும்.

க்ரீம் பேஸ்ட்ரிதான் வேண்டுமென்றால் அண்ணா நகர், கே.கே. நகர், பைபாஸ் ரோடு பக்கம் ஞாயிறு சாயங்காலம் போங்கள். விற்பனை வேகமாக நடப்பதால் பழசு தேங்காது. வாரநாள் காலையில் ஒரு கடையில் எனக்குப் புளித்த க்ரீம் வைத்த துண்டு தந்தார்கள். சொன்னதும் மாற்றித் தந்தார்கள், ஆனால் அதே ட்ரேயிலிருந்து! க்ரீமில் வெடிப்போ, தட்டில் நீர்த்துளியோ தெரிந்தால் வாங்காதீர்கள். பிளாக் ஃபாரஸ்ட் மேல் செர்ரி என்று வைப்பது பல இடங்களில் சாயமேற்றிப் பாகில் ஊறிய களாக்காய். டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். அதில் தப்பில்லை, எனக்கு இரண்டும் பிடிக்கும். சாக்லேட் விஷயத்தில்தான் நான் கறார். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் நாக்கில் கரையாது, அதற்குப் பெரிய விலை கொடுக்க மனம் வருவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரிக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உண்மையான வெண்ணெய் க்ரீம், அடுப்பில் சுட்ட சீஸ் கேக் இதெல்லாம் வேண்டுமா? வீட்டிலேயே சுட்டு விற்கும் பெண்களிடம் சொல்லிவைப்பதுதான் சிறந்த வழி. இந்தச் சில வருடங்களில் மதுரையில் கேக்கின் தரத்தை உயர்த்தியவர்கள் அவர்கள்தான் என்று அடித்துச் சொல்வேன். இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும். லேபிளில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் இறங்கிய பிறகு வாங்கப் போங்கள். உச்சி வெயிலில் காளவாசலிலிருந்து திருநகர் வரை ஸ்கூட்டரில் கொண்டுபோனால் எந்த வெண்ணெய் க்ரீமும் தாங்காது.

உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிட, பசுமலை மேல் இருக்கும் கேட்வே ஹோட்டலும், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பழைய கிளப் கட்டடம் உள்ள கோச்சடை ஹெரிடேஜும் எனக்குப் பிடித்தவை. செலவு கூடுதல்தான். பிறந்தநாள், கல்யாண நாள் என்றால் போகலாம்.

டிசம்பர் தனிக் கதை. கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தையும் நரிமேடு கதீட்ரலையும் சுற்றி மட்டுமல்ல, மொத்த ஊரிலும் பிளம் கேக் வாசம்தான். பழங்களை முன்கூட்டியே ஊறப்போடும் பேக்கரியா என்று விசாரித்து மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வாங்கியதும் வெட்டாமல் ஒரு வாரம் மூடிவைத்தால் மசாலா வாசம் நன்றாக இறங்கும். கூடவே தூத்துக்குடி மக்ரூன் கிடைத்தால் விடாதீர்கள். முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றே சரக்கு; ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும் என்பதால் பொட்டலத்தைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.