சோயாவுக்குக் கைகொடுப்பது எந்தக் காட்டு உறவு?

வட அமெரிக்க சோயா ரகங்களின் மரபுவளத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு வெறும் 35 மூதாதை ரகங்களிலிருந்து வந்தது என்று 1994-இல் கணக்கிட்டார்கள். இவ்வளவு குறுகிய குடும்பத்துக்குள்ளேயே கலந்துகொண்டிருந்தால் புதிய நோய்க்கும் உவர் மண்ணுக்கும் ஈடுகொடுக்க முடியாது. வெளியே போய்த்தான் ஆக வேண்டும். போக இரண்டு வழி உண்டு.

முதலாவது, சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் தானாக முளைக்கும் கிளைசின் சோஜா என்னும் காட்டுச் சோயா. சோயாவுக்கு இருப்பது போலவே இதற்கும் 40 குரோமோசோம்கள். மொட்டு விரியும் முன் இடுக்கியால் மகரந்தப்பைகளை நீக்கிவிட்டு காட்டுச் செடியின் மகரந்தத்தைத் தடவினால் போதும், விதை பிடிக்கும். தலைவலி அதற்குப் பிறகுதான். பிறக்கும் செடிகள் கொடியாகப் படரும். காய் முற்றியதும் வெடித்துச் சிதறும். விதை மிளகைவிடச் சிறிதாகக் கறுத்திருக்கும். நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பப் பின்கலப்பு செய்துதான் இவற்றைக் கழிக்க வேண்டும். புரதத்தைக் கூட்டும் காட்டு மரபணு ஒன்று 20-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதைச் சேர்த்தால் எண்ணெய் குறைகிறது, பெரும்பாலும் விளைச்சலும் இறங்குகிறது.

ஆனாலும் பலன் கண்கூடு. உவரைத் தாங்கும் மரபணுவை ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் ஹான்-மிங் லாம் குழு காட்டுச் சோயாவில் கண்டறிந்து 2014-இல் வெளியிட்டது. உவர் தாங்காத பல பயிர் ரகங்களில் அதே மரபணு உடைந்து கிடக்கிறது. இல்லாத ஒன்றைப் புகுத்த வேண்டியதில்லை, இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதும். எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு.

இரண்டாவது வழி, ஆஸ்திரேலியாவில் பல்லாண்டு வாழும் காட்டு உறவுகள். அவற்றில் கிளைசின் டோமன்டெல்லாவுக்குத் துரு என்னும் பூசண நோயையும் நூற்புழுவையும் எதிர்க்கும் வலு இருக்கிறது. துரு 2004-இல் அமெரிக்கப் பெருநிலத்தில் கால்வைத்த பின் இதன் மதிப்பு கூடியது. சோயாவிலேயே துரு எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தாலும், ஒவ்வொன்றும் பூசணத்தின் சில வகைகளை மட்டுமே தடுக்கும்.

கலப்பதுதான் பெரும்பாடு. காய் முற்றாமலே உதிர்ந்துவிடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ராம் சிங், முற்றாத விதைகளை மூன்று வாரத்துக்குள் எடுத்து ஊட்டக் கரைசலில் வளர்த்தார். அப்படிப் பிழைத்த செடிக்கு 59 குரோமோசோம்கள், முழு மலடு. குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் கால்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து 118 ஆக்கி, சோயாவோடு பல தலைமுறை பின்கலப்பு செய்த பிறகுதான் விதை தரும் வழித்தோன்றல்கள் கிடைத்தன.

எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உவர், புரதம் போன்றவற்றுக்கு யோசிக்காமல் சோஜாவைத்தான் எடுப்பேன். துருவுக்கு மட்டும் டோமன்டெல்லாவை விட மாட்டேன். அத்தனை ஆண்டு காத்திருக்க விதை நிறுவனங்களுக்குப் பொறுமை இராது. அந்த வேலைக்கு அரசுப் பணம் தடையில்லாமல் வர வேண்டும்.