ஜியோதெர்மல் வீட்டில் பல வருடம்: மண்ணுக்குள் குறையில்லை, தலைவலி எல்லாம் மேலேதான்

புது வீட்டுக்கு ஜியோதெர்மல் வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். போர் போட்டு மண்ணுக்குள் குழாய் இறக்கி, குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து, கோடையில் வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் விடும் சிஸ்டம் அது. எங்கள் வீட்டு சிஸ்டம் படுத்து, ஆள் தேடி அலைந்து, ஒருவழியாகச் சரிசெய்து முடித்த சமயத்தில்தான் அவர் கேட்டார். ஆத்திரம் இன்னும் முழுசாகத் தணியவில்லை, அதையும் சேர்த்தே படியுங்கள். எத்தனை டன், எத்தனை போர், எந்த மாடல் என்பதெல்லாம் விற்பவர்களே விளக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வாய் திறக்காத கேள்வி ஒன்று இருக்கிறது. லூப்பில், அதாவது மண்ணுக்கும் வீட்டுக்குள் இருக்கும் யூனிட்டுக்கும் இடையே தண்ணீர் சுற்றும் குழாயில், கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது கொஞ்சமில்லை. குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் இருக்கும் இதத்தை வேறு எந்த ஹீட்டரிலும் நான் கண்டதில்லை. டக்ட்டில் வரும் காற்றில் கை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், 35 டிகிரி சொச்சம். முதல் தடவை வருகிறவர்கள் ஹீட்டர் வேலை செய்யவில்லையோ என்றுகூடக் கேட்பார்கள். ஆனால் அந்த வெதுவெதுப்பு மணிக்கணக்காக, நிதானமாக வந்துகொண்டே இருக்கும். ஒரு அறை கொதிக்க, இன்னொரு அறை நடுங்க என்ற பேச்சே கிடையாது. வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் யூனிட் திணறுவதில்லை, ஏனென்றால் அது வெளிக்காற்றை நம்பி இல்லை. பத்து மீட்டருக்குக் கீழே போய்விட்டால் வெயிலும் பனியும் எட்டுவதில்லை. அந்த இடத்தின் வருடாந்திரச் சராசரி வெப்பநிலை எதுவோ, ஏறக்குறைய அதிலேயே மண் நின்றுவிடுகிறது. நம் குழாய் அதையும் தாண்டிப் பல மடங்கு ஆழத்துக்கு இறங்கி, அடியில் யு வளைவு எடுத்து மேலே வருகிறது.

வீட்டுக்கு வெளியே எந்த மெஷினும் இல்லை என்பது எனக்கு இன்றுவரை சலிக்காத சந்தோஷம். இரையும் ஃபேன் இல்லை, பனி படிந்து அதை உருக்கத் தனியாக ஓட வேண்டியதில்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம்.

வெந்நீர் விஷயம் நான் எதிர்பார்க்கவே இல்லை. கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான கேஸை வைத்துத் தண்ணீரைச் சூடாக்க டீசூப்பர்ஹீட்டர் என்று ஒரு சின்ன இணைப்பு உண்டு. கோடையில் வீட்டிலிருந்து வெளியேற்றும் சூட்டில் ஒரு பகுதி மண்ணுக்குப் போகாமல் வெந்நீர் டேங்குக்குப் போகிறது. ஏசி ஓடும் மாதங்களில் அந்த வெந்நீர் கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிறது. வாங்கும்போது இதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் விடுகிறதே, அதே வேலைதான். சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கிறது. சுருள் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். மண்ணில் இருக்கும் சூடு வருடக்கணக்கில் தீர்ந்துபோகாதா என்று பலரும் கேட்கிறார்கள். லூப்பைக் கஞ்சத்தனமாகச் சின்னதாகப் போட்டால் அப்படி ஆகும். லூப்பிலிருந்து வரும் தண்ணீரின் வெப்பநிலை குளிர்காலத்துக்குக் குளிர்காலம் இறங்கிக்கொண்டே போகும். எங்களுடையது ஒழுங்காகக் கணக்குப் பார்த்துப் போட்டது, இறங்கவில்லை.

இனி பழுதுக்கு வருகிறேன்.

நல்ல கோடை. வீடு புழுங்க ஆரம்பித்ததும் போய்ப் பார்த்தால் யூனிட் நின்றிருக்கிறது, போர்டில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. எந்த மின்னலுக்கு என்ன கோளாறு என்று சொல்லும் அட்டையைப் பார்த்தால் ஹை பிரஷர். யூனிட்டை வாயார மெச்ச வேண்டும், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறது. கூலிங் ஓடும்போது வீட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு போக லூப் தண்ணீர் ஓடியாக வேண்டும். ஓட்டம் நின்றால் சூடு போக வழியில்லை, கேஸ் பிரஷர் எகிறும், கம்ப்ரஸர் கருகுவதற்குள் ஸ்விட்ச் அதை நிறுத்திவிடும். லூப் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான் கோளாறு. அந்தப் பம்பை ஒரு கையில் தூக்கிவிடலாம்.

ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. முதலில் வந்த ஏசி மெக்கானிக் நேராக கேஸ் லைனில் பிரஷர் அளக்கும் கேஜை மாட்டினார். "கேஸ் அதிகமா இருக்கு சார், கொஞ்சம் எடுத்து விட்டுடலாம்" என்றார். இது ஃபேக்டரியிலேயே அளந்து நிரப்பி அடைத்த யூனிட். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்காமல் கேஸில் கை வைக்கவே கூடாது. எடுக்க வேண்டாம் என்று நிறுத்தினேன். லூப் தண்ணீரின் சூட்டை அளக்கத் தேவையான ஊசி தெர்மாமீட்டர் அவரிடம் இல்லை. அப்படி அளக்க ஒரு இடம் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

போர் போட்டவர்களைக் கேட்டால், "நாங்க குழாயை இறக்கி, அதைச் சுத்தி கிரவுட் கலவை அடைச்சு, வீட்டுச் சுவர் வரைக்கும் கொண்டுவந்து குடுத்தோம். உள்ள நடக்கறது எங்க வேலை இல்லீங்க." பிளம்பர், "தண்ணி ஊத்தணும்னா ஊத்தறேன், தண்ணி உறையாம இருக்கக் கலக்கற அந்த ஆன்டிஃப்ரீஸ் சமாச்சாரம் எனக்கு வேண்டாம்" என்றார். யூனிட்டை நிறுவிய கம்பெனி இப்போது ஜியோதெர்மல் வேலையே எடுப்பதில்லையாம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டால் யார் சொல்வதும் தப்பில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கூடக் கண்ணில் படாத சிஸ்டத்தை எந்த மெக்கானிக் பழகி வைத்திருப்பார்? எனக்கு இது புரிகிறது. புழுங்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதை மனதார ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை.

புது டெக்னாலஜி, போகப்போக ஆட்கள் வருவார்கள் என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மண்ணிலிருந்து வெப்பம் எடுக்கும் யோசனைக்கு சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிஹ் சோலி 1912-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1948-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தையே நிலத்தடி நீரை வைத்து, இதே மாதிரி சூட்டை இடம் மாற்றும் ஹீட் பம்பில் ஓட்டினார்கள். நூறு வருடம் தாண்டிய யோசனைக்கு இன்னும் ஒரு பழுது பார்க்கும் ஆள் இல்லை என்றால், விற்பவர்கள் அதைப் பற்றிக் கவலையே படவில்லை என்றுதான் அர்த்தம்.

கடைசியில் ரொம்ப தூரத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் வேலை செய்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். யூனிட்டுக்குள் போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் விரல் நுனி அளவில் ஒவ்வொரு மூடி இருக்கிறது. உள்ளே ரப்பர். அதில் ஊசியைக் குத்தினால் வெப்பநிலையும் பிரஷரும் தெரியும், உருவினால் தானே அடைத்துக்கொள்ளும். பம்பை ஆன் செய்து, ஒரே கேஜை இரண்டிலும் மாற்றி மாற்றிக் குத்தினார். இரண்டிலும் முள் ஒரே இடத்தில். தண்ணீர் ஓடினால் உள்ளே போகும் பக்கம் பிரஷர் கூடவும் வெளியே வரும் பக்கம் குறைவாகவும் இருக்க வேண்டும். வித்தியாசமே இல்லையென்றால் ஓட்டமே இல்லை. கேஸ் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பம்பை மாற்றிய பிறகு பெரிய மோட்டார் வைத்த ஒரு தள்ளுவண்டியை லூப்போடு இணைத்தார். கண்ணாடி போன்ற ஹோஸில் முதலில் பால் மாதிரி நுரை வந்தது. அத்தனையும் காற்று. லூப்பில் சிக்கிய காற்று தானாக வெளியே வராது. எல்லாக் குழாயிலும் தண்ணீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் அடித்துக்கொண்டு வரும், சாதாரணப் பம்புக்கு அந்தப் பலம் கிடையாது. திசையை மாற்றி மாற்றி ஓடவிட்டார். ஹோஸ் தெளிந்ததும் ஒரு சொட்டு எடுத்து, கலவையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்து ஆன்டிஃப்ரீஸ் நீர்த்துப் போயிருப்பதைக் காட்டி, சரியான அளவுக்குக் கலந்தார்.

காற்று எப்படி உள்ளே வந்தது என்று கேட்டேன். முன்பு ஒரு கோடையில் லூப் பிரஷர் இறங்கியிருந்ததைப் பார்த்த ஒரு மெக்கானிக், லீக் என்று முடிவு கட்டி, தோட்டத்து ஹோஸால் வெறும் தண்ணீரை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அது லீக்கே இல்லை. மண்ணுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் குழாய் கோடையில் சூடாகி விரியும், உள்ளே பிரஷர் இறங்கும். குளிர்காலத்தில் சுருங்கும், பிரஷர் ஏறும். வருடா வருடம் நடப்பதுதான். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய இந்த விஷயத்தை எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை, அந்த மெக்கானிக்குக்கும் யாரும் சொல்லவில்லை. ஹோஸிலிருந்த காற்று லூப்புக்குள் போனது. இந்தப் பம்பின் பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, உள்ளே ஓடும் தண்ணீரே அதற்கு வழுவழுப்பு. தண்ணீரோடு காற்றும் வந்தால் பேரிங் காய்ந்து தேய்ந்து ஒருநாள் இறுகிவிடும்.

எங்கள் யூனிட்டுக்கு மொபைல் ஆப்பும் இருக்கிறது. அறை வெப்பநிலை, ஈரப்பதம், ஃபில்டர் மாற்ற வேண்டிய தேதி, நாளைய வானிலை வரைக்கும் காட்டுகிறது. லூப்பில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் காட்டாது. சிஸ்டத்தின் உயிரே அந்த ஓட்டம்தான். ஒரு ஃப்ளோ மீட்டரும் இரண்டு சென்சாரும் வைத்திருந்தால் அந்த சிவப்பு விளக்குக்கு வெகு நாள் முன்பே ஓட்டம் குறைவது தெரிந்திருக்கும். எனக்கு அடங்காத கோபம் இதில்தான்.

வைத்தே தீருவேன் என்கிறவர்கள் நிறுவும் அன்றே கையில் வாங்க வேண்டிய தாள் ஒன்று இருக்கிறது. லூப்பில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது (டன்னுக்கு 11 லிட்டர் அளவில் இருந்தால் நல்லது), உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் (ஹீட்டிங்கில் 3, 4 டிகிரி, கூலிங்கில் 5, 6 டிகிரி பக்கம்), எந்த ஆன்டிஃப்ரீஸ், எத்தனை சதவீதம், கோடையில் பிரஷர் எதுவரை இறங்கலாம், குளிர்காலத்தில் எதுவரை ஏறலாம், எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். குழியை மூடுவதற்கு முன் குழாய் போகும் வழியைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பழகாத மெக்கானிக் வந்தாலும், இந்தத் தாளைக் காட்டினால் கேஸில் கை வைப்பதற்கு முன் தண்ணீரைப் பார்ப்பார். வந்து சரிசெய்தவர் எங்களுக்கு இதை எழுதி யூனிட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். "இவ்வளவு புகழ்ந்துட்டு வேண்டாம்னா எப்படி? உங்க யூனிட் நாளைக்கே போயிடுச்சுன்னா என்ன வைப்பீங்க?" என்று கேட்டார். இன்னொரு ஜியோதெர்மல் யூனிட்தான் வைப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே இருக்கும் யூனிட் இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கும். மண்ணுக்குள் இருக்கும் குழாய் ஐம்பது வருடத்துக்கு மேலும் கிடக்கும், இதுவரை அது எங்களுக்கு ஒரு தொந்தரவும் தந்ததில்லை. அதை விட்டுவிட்டு வேறு எதற்குப் போவேன்? ஆனால் அவர் வீட்டில் இன்னும் போர் போடவில்லை. போர், பம்ப், யூனிட், டக்ட் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பெனி பொறுப்பு, கூப்பிட்டால் ஊசி தெர்மாமீட்டரோடும் தள்ளுவண்டியோடும் வருவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு விலை சொன்ன யாரும் இதுவரை போடவில்லை. அதனால் என் பதிலும் இன்னும் வேண்டாம்தான்.