நூமியாவின் கடற்பாம்பு நீச்சல் பயணம்: ஒரு மதிப்புரை

கடற்பாம்புகள் எவ்வாறு இணைசேர்கின்றன என்பதைக் கண்ணால் கண்டும், எவ்வாறு குட்டி ஈனுகின்றன என்பதைக் கேட்டும் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு, பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட பசிபிக் தீவுக்கூட்டமான நியூ கலிடோனியாவின் தலைநகரான நூமியாவில் உள்ளூர்க்காரர் இருவர் நடத்தும் அரைநாள் ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய் வைத்து நீந்தும்) பயணத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். சிட்னியிலிருந்து விடுமுறைக்குச் சென்றிருந்த நாங்கள் இதில் சேர்ந்தது ஜூலை மாதத்தில். அங்கே அது குளிர்காலம். ஆமைத்தலைக் கடற்பாம்புகள் இணைதேடும் பருவமும் அதுவே. பயணம் நடப்பது ஊருக்குள்ளேயே இருக்கும் பே தே சித்ரோன் விரிகுடாவில் என்பதால் படகு தேவையில்லை. கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே பவளப்பாறைகள் வந்துவிடுகின்றன.

நீரில் இறங்குவதற்கு முன் வழிகாட்டி மணலில் அமரவைத்துப் பேசியதுதான் இந்தச் சேவையின் பெரும் பலம். கடல் கட்டுவிரியன்கள் மட்டுமே முட்டையிடக் கரையேறுகின்றன என்பதையும், அறுபதுக்கும் மேற்பட்ட மற்றக் கடற்பாம்பு இனங்கள் யாவும் கடலிலேயே குட்டி ஈனுகின்றன என்பதையும் அவர் முதலில் தெளிவுபடுத்தினார். நிலத்துப் பாம்புகளில் ஆண் பாம்பு, பெண் பாம்பு விட்டுச்சென்ற வாசனைத் தடத்தை நாவால் தொட்டுத்தொட்டுப் பின்தொடரும். கடலில் அந்தத் தடம் நீரோடு கரைந்துவிடுவதால், ஆண் பாம்பு கண்ணை நம்பியே துணை தேடவேண்டியிருக்கிறது. கண்ணில் படும் கருத்த, நீண்ட, அசையும் பொருளை எல்லாம் முதலில் நெருங்கிப் பார்த்து, தொட்ட பிறகே அது தன் இனத்துப் பெண்தானா என்று முடிவு செய்கிறது. ஆகவே இந்தப் பருவத்தில் பாம்பு நம்மை நோக்கி வந்தால் அதைத் தாக்குதல் என்று எண்ணிக் கையைக் காலை உதறாமல் அசையாதிருக்கவேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். காரணத்தோடு சொல்லப்பட்டதால், என்னுடன் வந்த பதின்மூன்று வயதுச் சிறுமிகூட அச்சமின்றி அதைக் கடைப்பிடித்தாள்.

நாங்கள் கண்டதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஏறத்தாழ முழுக்கறுப்பான ஒரு பெண் பாம்பு, பவள இடுக்குகளில் தலையை நுழைத்து மீன் முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தது. ஆமைத்தலைக் கடற்பாம்புக்கு மீன் முட்டையே உணவு. நஞ்சின் தேவை அற்றுப்போனதால் மனிதருக்கு அதனால் ஆபத்து மிகக் குறைவு. சற்றுச் சிறிய ஆண் ஒன்று அதன் முதுகின்மேல் படிந்து, மூக்கு நுனியில் உள்ள முள் போன்ற கூரிய செதிலால் அதன் முதுகை அழுத்தி அழுத்தி நகர்ந்தது. பெண் அதைப் பொருட்படுத்தாமல் இடுக்கு இடுக்காக மேய்ந்து, மூச்செடுக்க மேலே எழும்பியபோது ஆணும் ஒட்டிக்கொண்டே எழும்பி, மீண்டும் அதனுடனேயே இறங்கியது. இணைந்துவிட்ட பின்னும் எப்போது மேலே போவது என்பதைப் பெண்ணே முடிவு செய்யும் என்றும், ஆண் அதன் பின்னால் இழுபட்டே செல்லும் என்றும் வழிகாட்டி பிறகு விளக்கினார். நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் கடலில் இணைசேர்வது எவ்வளவு கடினமான காரியம் என்பது அந்தக் காட்சியில் முழுமையாகப் புலப்பட்டது.

கருவுற்ற பாம்புகளையும் குட்டிகளையும் அவர் படங்களைக் கொண்டு விளக்கினார். தாயின் உடலுக்குள் கரு பெரும்பாலும் மஞ்சள் கருவையே உண்டு வளர்கிறது. கடற்பாம்பு நீந்துவது பின்னுடலாலும் துடுப்பு போன்ற வாலாலும் என்பதால், அங்கே சுமை கூடினால் நீச்சல் தடைப்படும். அதனால் நீர்வாழ் பாம்புகள் நிலத்துப் பாம்புகளைவிடக் குறைந்த சுமையை, உடலின் சற்று முன்பகுதியிலேயே சுமக்கின்றன. பிறந்த குட்டிக்குத் தாயின் பராமரிப்பு எதுவும் கிடையாது. அது தானே மேலே நீந்திச்சென்று முதல் மூச்சை எடுத்தாக வேண்டும். நம் கடற்கரை மீனவர்கள் நன்கறிந்த வலைக்கடியன் என்னும் கடற்பாம்பு ஒரே ஈற்றில் முப்பது வரை குட்டிகள் ஈனக்கூடியது என்றாலும், அவற்றில் மிகச் சிலவே வளர்ந்து தாமும் ஈனும் நிலையை எட்டுகின்றன.

இதே விரிகுடாவில் கொடிய நஞ்சுள்ள பெருங்கடற்பாம்பும் வாழ்கிறது. அறுபது, எழுபது வயதுகளில் இருந்த ஏழு பெண்கள் இங்கே நாள்தோறும் நீந்திப் படம்பிடித்து உதவியதால், கிளேர் குவாரான், ரிக் ஷைன் ஆகிய ஆய்வாளர்கள் 36 மாதங்களில் 249 தனிப் பாம்புகளை அடையாளம் கண்டு, அவற்றின் இனப்பெருக்கம் பற்றிய செய்திகளையும் சேர்த்து 2019இல் வெளியிட்டனர். மக்கள் குளிக்கும் கடற்கரையில் இத்தனை பாம்புகள் கருவுற்றுக் குட்டி ஈன்று வாழ்கின்றன என்பதை அறிந்தபோது நான் உண்மையிலேயே நெகிழ்ந்தேன். அந்தப் பெண்களைப் பற்றி வழிகாட்டி பேசிய விதத்திலும் மிகுந்த மதிப்பு இருந்தது.

குறைகளும் உண்டு. கடல் கட்டுவிரியனைப் பற்றி அவர் சொன்னது இரண்டு மூன்று வாக்கியங்களே. கலங்கரை விளக்கம் உள்ள அமேதே தீவு போன்ற சிறு தீவுகளில் அவை கரையேறி ஓய்வெடுப்பதையும் தோலுரிப்பதையும் காணலாம் என்பதால், படகுடன் கூடிய முழுநாள் பயணம் ஒன்றையும் இவர்கள் ஏற்பாடு செய்யலாம். படங்களின் விளக்கங்கள் பிரெஞ்சில் மட்டுமே இருந்தன. மூக்குக்கண்ணாடி அணிவோருக்கேற்ற நீச்சல் முகக்கண்ணாடி அவர்களிடம் இல்லாததால், என் கணவர் பாதிக் காட்சிகளை மங்கலாகவே பார்த்தார்; அப்படிப்பட்டவர்கள் சொந்தமாக ஒன்றைக் கொண்டுசெல்வது நல்லது. நீரில் நெடுநேரம் அசையாமல் மிதக்கவேண்டியிருப்பதால், அவர்கள் தரும் குளிர் தாங்கும் நீச்சலுடை வேண்டாம் என்று எண்ணாமல் அணிந்துகொள்ளுங்கள். இணைசேரும் நடத்தையைக் காண விரும்புவோர் குளிர்கால மாதங்களில் செல்லவேண்டும். குட்டி பிறப்பதைக் காட்டுவதாக அவர்கள் யாருக்கும் வாக்களிப்பதில்லை.