1,24,000 மைல் ஓடிய என்எஸ்எக்ஸ்: ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

2019-ஆம் ஆண்டில் ஒரே வாரத்தில் ஹோண்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான அக்யூரா என்எஸ்எக்ஸ் இரண்டைப் பார்த்தேன். இரண்டும் 1992-ஆம் ஆண்டுத் தயாரிப்பு, இரண்டும் சிவப்பு, இரண்டிலும் ஐந்து கியர் கொண்ட மேனுவல் கியர்பெட்டி. முதலாவது 19,000 மைல் மட்டுமே ஓடியிருந்தது. பளிங்குபோல் தரை போட்ட கராஜில், போர்வைக்குள், பேட்டரிக்கு சார்ஜர் மாட்டிய நிலையில் நின்றிருந்தது. இரண்டாவது 1,24,000 மைல் ஓடியது. முகப்பெங்கும் கல் தெறித்த புள்ளிகள். ஏறி இறங்கி ஓட்டுநர் இருக்கையின் இடப்பக்கத் தோல் வெளுத்துப்போயிருந்தது. விலையில் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம். நான் இரண்டாவதை 47,000 டாலருக்கு வாங்கினேன். கையில் இருந்த பணம் அவ்வளவுதான் என்பது ஒரு காரணம் என்றாலும், முதல் காரை அதே விலைக்குக் கொடுத்திருந்தாலும் யோசித்திருப்பேன்.

பழைய கார் வாங்கப் போகும்போது நம்மில் பலர் முதலில் குனிந்து பார்ப்பது மைல் கணக்கைத்தான். சாதாரண செடான் காருக்கு அது ஓரளவு சரியான பழக்கம். முப்பது வயதான ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த எண் பாதிக் கதையைக்கூடச் சொல்வதில்லை. ரப்பர் குழாய்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறுகி வெடிக்கின்றன. ஏசி கம்ப்ரஸரின் சீல்கள், எண்ணெய் சுற்றாமல் நின்ற காரில்தான் முதலில் காய்ந்துபோகின்றன. தொடக்க கால என்எஸ்எக்ஸில், பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் அலகில் உள்ள வால்வுகள் நீண்ட காலம் இயங்காமல் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவ்வப்போது வெற்றுச் சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்து அதை இயக்கிவிட வேண்டும் என்பது இந்தக் காரை நெடுநாளாக வைத்திருப்பவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் புத்திமதி. எனக்கு இரண்டாவது காரை விற்றவர் ஒரு தடித்த கோப்பையும் சேர்த்துக் கொடுத்தார். அதில் 28 ஆண்டுகளின் ரசீதுகள் இருந்தன. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்றிய தேதிகள், கிளட்ச் மாற்றிய தேதி, எல்லா கூலன்ட் குழாய்களையும் ஒரே நாளில் புதிதாக்கியதற்கான பில் என அனைத்தும் இருந்தன. முதல் காருடன் வந்தது, கழுவி மெழுகு பூசியதற்கான ரசீதுகள்தான்.

வாங்குவதற்கு முன் இந்த மாடலை அறிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு ஆகும் சில நூறு டாலர்களை மிச்சம் பிடிக்க நினைப்பவர் இந்த வகைக் கார்களின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. என் காரைப் பரிசோதித்த மெக்கானிக் முதலில் பார்த்தது இன்ஜினை அல்ல, கியர்பெட்டியின் மேல் பொறித்திருந்த எண்ணை. 1991, 1992 கார்களில் ஒரு குறிப்பிட்ட வரிசை எண்களைக் கொண்ட பெட்டிகளில், பேரிங் ஒன்றை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் வளையக் கிளிப்புக்கான பள்ளம் சற்று அகலமாகக் குடையப்பட்டிருந்தது. அதனால் அந்தக் கிளிப் என்றாவது ஒருநாள் உடைந்து, பெட்டியின் உறையையே பிளந்துவிடக்கூடும். என் காரின் எண் அந்த வரிசைக்குள்தான் இருந்தது. ஆனால் உறையை மாற்றி வேலையை முடித்ததற்கான ரசீது 2003-ஆம் ஆண்டுத் தேதியுடன் கோப்பில் இருந்தது. அடுத்து, கதவு, பானட், பம்பர் ஆகியவற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வாகன எண் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகத் தேடினார். ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பாகம் மாற்றப்பட்டது அல்லது மறுபடி வண்ணம் பூசப்பட்டது என்று பொருள். அலுமினிய உடல் கொண்ட காரில் இது சிறிய விஷயமல்ல. இரும்புத் தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பழகிய பட்டறைகளுக்கு அலுமினியம் பிடிபடாது.

அந்த அலுமினியமே இந்தக் காரின் வரலாற்றுப் பெருமையும்கூட. ஷிகேரு உஎஹாரா தலைமையில் ஹோண்டா உருவாக்கி, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்தி, மறு ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த என்எஸ்எக்ஸ்தான், உடல் முழுவதும் அலுமினிய மோனோகாக்காக (தனிச் சட்டகம் இல்லாமல் உடலே சுமை தாங்கும் கூடாக) அமைந்து தொடர் உற்பத்தியில் வந்த முதல் கார். வட அமெரிக்காவில் அது அக்யூரா என்ற பெயரில் விற்கப்பட்டது. தொடக்க விலை ஏறத்தாழ 60,000 டாலர். ஃபார்முலா ஒன் பந்தய வீரர் அயர்டன் சென்னா, ஜப்பானின் சுசூகா பந்தயப் பாதையில் முன்மாதிரியை ஓட்டிவிட்டு உடல் இன்னும் உறுதியாக இருக்க வேண்டும் என்று சொன்னதும், பொறியாளர்கள் ஜெர்மனியின் நுர்பர்க்ரிங் பாதைக்குப் போய் அதன் விறைப்பைக் கூட்டியதும் பலரும் அறிந்த கதை. எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது, மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மர்ரே ஒரு என்எஸ்எக்ஸை வாங்கி ஆண்டுக்கணக்கில் ஓட்டினார் என்பது. அவருக்குப் பிடித்துப்போனதாக அவரே எழுதியிருப்பவை அதன் வேகமோ ஒலியோ மட்டுமல்ல. மேடுபள்ளச் சாலையில் அது காட்டிய நயமும் அன்றாடம் ஓட்டுவதற்கு இருந்த எளிமையும்தான்.

என் வீடு கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில். அலுவலகம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறுகரையில் பாலோ ஆல்ட்டோவில். வாரத்தில் மூன்று நாள், டம்பார்ட்டன் பாலத்தின் நெரிசலில் இந்தக் காரோடு நிற்கிறேன். கிளட்ச் ஒரு நடுத்தர செடான் காரின் கிளட்சைவிடச் சற்றே கனம், அவ்வளவுதான். போர் விமானத்தின் விமானி அறையை மனத்தில் வைத்து அமைத்த முன்பகுதி என்பதால் டாஷ்போர்டு மிகத் தாழ்வாக இருக்கிறது. முன்கண்ணாடியின் இருபக்கத் தூண்கள் மெலிந்தவை. தோளைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் உண்மையாகவே தெரிகிறது. இன்றைய கார்களிலிருந்து இறங்கி இதில் ஏறுகிற எவரும் முதலில் வியப்பது இதைத்தான். குறை என்று சொன்னால், 1994 வரையிலான மேனுவல் கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஓடத் தொடங்கிய பிறகு அதுவே வரமாகிவிடுகிறது. ஆனால் அலுவலக வாகன நிறுத்தத்தில், நெருக்கமான இடத்தில் முன்னும் பின்னும் திருப்பும்போது, உரலில் மாவாட்டிய கைதான் கைகொடுக்க வேண்டும். மாவு என்றதும் நினைவுக்கு வருகிறது: டிக்கி இன்ஜினுக்குப் பின்னால், சைலன்சருக்கு நேர்மேலே இருப்பதால் நன்றாகச் சூடேறும். இந்தியக் கடையில் வாங்கிய இட்லி மாவு வீடு வந்து சேர்வதற்குள் பொங்கி மூடியைத் திறந்துகொண்டது. அன்றிலிருந்து மாவுக்குப் பக்கத்து இருக்கைதான்.

பாலத்தைக் கடக்கும் அதே 84-ஆம் எண் சாலை, வுட்சைடு ஊரைத் தாண்டியதும் மலையேறி, ரெட்வுட் மரங்களுக்குள் வளைந்து வளைந்து லா ஹோண்டா என்ற சிற்றூர் வழியாக சான் கிரகோரியோ கடற்கரைக்குப் போய்ச் சேர்கிறது. ஊர்ப்பெயருக்கும் கார் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை. அது ஸ்பானியப் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் அந்தச் சாலையில் போகும்போதுதான் இன்ஜின் தன் குரலை முழுதாக எடுக்கிறது. 2,977 சிசி கொள்ளளவும் டைட்டானியம் கனெக்டிங் ராடுகளும் கொண்ட வி6 அது, 270 குதிரைத்திறன். இன்றைய மின்சார செடான்கள் பல இதைப் பச்சை விளக்கிலேயே பின்னுக்குத் தள்ளிவிடும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் டேக்கோமீட்டர் முள் 5,800-ஐத் தொடும்போது ஹோண்டாவின் விடெக் அமைப்பு, வால்வுகளைத் திறந்து மூடும் வேலையை வேறு கேம்களுக்கு மாற்ற, முதுகுக்குப் பின்னாலிருந்த முணுமுணுப்பு உலோகத் தொனிக்கு மாறி, 8,000 வரை தடையில்லாமல் ஏறுகிறதே, அதற்கு எந்த எண்ணும் ஈடில்லை. ஒரே வருத்தம், கியர் விகிதங்கள் மிக நீளம். இரண்டாவது கியரை முழுதாக இழுத்தால் மணிக்கு 80 மைல் வந்துவிடுகிறது. மூன்றாவதில் அந்த இன்பத்தைத் தேடினால் போலீஸ்காரரிடம்தான் பேச வேண்டியிருக்கும்.

செலவுக்கு வருவோம். இந்த ஐந்து ஆண்டுகளில் 38,000 மைல் ஓட்டியதில் இன்ஜினைத் திறக்க வேண்டிய தேவை ஒருமுறைகூட வரவில்லை. காலம் நிறைந்ததால் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர் மூன்றையும் மாற்றினேன். கூலி சேர்த்து 3,000 டாலரைத் தாண்டியது. ஏசி கட்டுப்பாட்டு அட்டையில் வயதான கெப்பாசிட்டர்கள் கசிவது இந்த மாடலில் எல்லோருக்கும் வருவதுதான். அனுப்பிவைத்தால் சரிசெய்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அக்கால ஹோண்டாக்கள் பலவற்றைப் போலவே, வெயிலில் நின்ற கார் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேயின் ஈயப்பற்று விரிசல் கண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாலிடரிங் தெரிந்தவருக்கு அது அரை மணி நேர வேலை. ஜன்னல் கண்ணாடிகள் நத்தை வேகத்தில் ஏறும். பெட்ரோல் 91 ஆக்டேன்தான் ஊற்ற வேண்டும். ஒரு கேலனுக்கு எனக்குச் சராசரியாக 20 மைல் கிடைக்கிறது.

உண்மையான செலவு டயர்தான். பின்சக்கரங்களின் அலைன்மென்ட் கோணங்கள் சாலைப் பிடிப்புக்காக அமைக்கப்பட்டவை என்பதால், பின்டயர்களின் உள்விளிம்பு விரைவாகத் தேய்கிறது. தொடக்க ஆண்டுகளில் வாங்கியவர்கள் இதைப் பற்றிப் பெருங்கூச்சல் போட, பின்னர் அந்த அளவுகள் திருத்தப்பட்டன. திருத்திய பிறகும் எனக்கு ஒரு ஜோடி 9,000 மைலுக்கு மேல் வந்ததில்லை. முன்னால் 15 அங்குலம், பின்னால் 16 அங்குலம் என்ற அளவுக்கு நல்ல டயர்கள் இன்று கிடைப்பதே அரிது. இரண்டாவது முறை மாற்றியபோது அவசரத்தில் ஊரிலிருந்த ஒரு சாதாரண டயர் கடைக்குப் போனேன். ஜாக் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டி, படத்தையும் அச்சிட்டுக் கொடுத்தேன். அந்த இளைஞர் தலையாட்டிவிட்டு, நான் காபி வாங்கப் போன ஐந்து நிமிடத்தில் கதவுக்குக் கீழுள்ள அலுமினிய விளிம்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கிவிட்டார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல். கடையின் காப்பீடு பணம் தந்தது. ஆனால் அதை நிமிர்த்தத் தெரிந்த பட்டறையில் வரிசை கிடைக்க ஏழு வாரம் காத்திருந்தேன். அதற்குப் பிறகு சக்கரங்களைக் கழற்றி வேறு வண்டியில் கொண்டுபோகிறேன்.

காப்பீட்டைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. பழைய அரிய கார்களுக்கு, ஒப்புக்கொண்ட மதிப்பை முழுமையாகத் தரும் சேகரிப்பாளர் பாலிசிகள் மிக மலிவு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அலுவலகத்துக்குத் தினமும் ஓட்டிச் செல்வதை அனுமதிப்பதில்லை. பாலிசியை எடுத்துவிட்டு ரகசியமாக ஓட்டினால், விபத்தன்று கையில் காகிதம் மட்டும்தான் இருக்கும். நான் வழக்கமான பாலிசியையே எடுத்து, மதிப்பீட்டாளரின் சான்றை இணைத்து, ஏறக்குறைய இரண்டரை மடங்கு கட்டுகிறேன். கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் புகைச் சோதனையும் இருக்கிறது. 1999 வரையிலான கார்களுக்குப் புகைபோக்கியிலிருந்து வரும் வாயுவையே அளந்து பார்ப்பார்கள். நன்றாகச் சூடேறிய இன்ஜினோடு போனால் தேறிவிடுகிறது. வாரக்கணக்கில் நின்றுவிட்டு நேராகச் சோதனைக்குப் போகும் கார்கள்தான் அங்கே திணறுகின்றன.

நான் விட்டுவந்த அந்த முதல் கார் 2023-இல் மறுபடி விற்பனைக்கு வந்தது. 19,600 மைல் என்று விளம்பரம் சொன்னது. நான்கு ஆண்டில் அறுநூறு மைல். புதிய ஏசி கம்ப்ரஸர், புதிய ஏபிஎஸ் அலகு, புதிய கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், தேயாமலேயே வயதாகிப்போனதால் மாற்றிய நான்கு டயர்கள் என்று செய்த வேலைகளின் பட்டியலும் இருந்தது. கேட்ட விலை, நான் என் காருக்குக் கொடுத்ததைப் போல் மூன்று மடங்கு. முதலீடு என்ற கணக்கில் அந்தக் காரின் உரிமையாளர் என்னை வென்றுவிட்டார். இதில் எனக்குச் சந்தேகமில்லை. விலை ஏறும் பொருளாகப் பார்த்து வாங்குகிறவர் அந்தக் காரைத்தான் வாங்க வேண்டும். கல் தெறித்த ஒவ்வொரு புள்ளிக்கும் மனம் பதறுகிறவரும் அப்படியே.

ஓட்டுவதற்காகத் தேடுகிறவருக்கு, நான் இன்று மறுபடி வாங்குவதாக இருந்தால் எதைத் தேடுவேன் என்பதைச் சொல்லலாம். 1994-ஆம் ஆண்டு மேனுவல் காரைத் தேடுவேன். அந்த ஆண்டில்தான் சக்கரங்கள் முன்னால் 16, பின்னால் 17 அங்குலமாயின. டயர் தேடி அலைய வேண்டியதில்லை. கூரை கழற்றும் வகை 1995-இல் வந்தது. கூரையை எடுத்ததால் குறைந்த விறைப்பை ஈடுகட்ட எடையைக் கூட்ட வேண்டியிருந்ததால் அது எனக்கு வேண்டாம். 1997-இல் வந்த 3.2 லிட்டர், ஆறு கியர் கார்கள் என் ஒரே வருத்தத்தைப் போக்கிவிடும். ஆனால் அவற்றின் விலை எனக்கு எட்டாது. 1994 காரில் மைல் கணக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தாலும் கவலைப்படமாட்டேன். கோப்பு எவ்வளவு தடிமன் என்றுதான் முதலில் கேட்பேன்.