ஐப்பசியில் பறவை பார்க்க வேடந்தாங்கலா, பள்ளிக்கரணையா?

சென்னையில் இருப்பவர்களிடம் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால், யோசிக்காமல் வேடந்தாங்கல் என்பார்கள். நானும் அப்படித்தான் மூன்று ஆண்டுகள் ஐப்பசி மாதத்தில் அங்கே போய் வந்தேன். இப்போது ஐப்பசி, கார்த்திகையில், அதாவது நம் முன்னோர் கூதிர் என்று பெயரிட்ட பருவத்தில், பள்ளிக்கரணைக்கு மட்டுமே போகிறேன். இரண்டுமே 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. வேடந்தாங்கல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பயணம், பள்ளிக்கரணை மாநகரப் பேருந்து போகும் இடம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் என் முடிவுக்குக் காரணம் தூரமன்று, தண்ணீர்.

வேடந்தாங்கலுக்கு வரும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் போன்றவை பெரும்பாலும் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டவே வருகின்றன. மரத்தடியைத் தண்ணீர் சூழ்ந்து நின்றால்தான் தரைவழியே வந்து முட்டையையும் குஞ்சையும் தின்னும் விலங்குகளிடமிருந்து கூடு தப்பும். எனவே ஏரி நிரம்பும்வரை அவை காத்திருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையோ வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஏரிக்கு நீர் வந்து சேரச் சில வாரங்களாவது வேண்டும். நான் போன இரண்டாம் ஆண்டில் மழை பிந்தியது. நீர்க்கடம்புகளின் அடிமரம் வேர்வரை வெளியே தெரிந்தது. கரையில் ஒரு மணி நேரம் நடந்தும் சில கொக்குகளையும் ஒரு மீன்கொத்தியையும் தவிர வேறொன்றையும் காணவில்லை.

பள்ளிக்கரணையின் கணக்கு வேறு. அது சதுப்பு நிலம். ஆழமற்ற நீரும் சேறும் அங்கே கோடையிலும் முழுவதும் வற்றுவதில்லை. வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்கள் ஆவணி, புரட்டாசியிலேயே வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுக்கு வேண்டியது மரமன்று, கால் எட்டும் ஆழமும் அலகு நுழையும் சேறும்தான். பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலை இந்தச் சதுப்பை ஊடறுத்துப் போவதால், ஓரமாக நின்றே நெடுங்கால் உள்ளான்களையும், மேலே தாழப் பறந்து சுற்றும் சேற்றுப் பூனைப்பருந்தையும் பார்க்கலாம். சென்ற ஐப்பசியில் ஒரு நீலத் தாழைக்கோழி சம்புத் தண்டு ஒன்றை அலகால் பிடுங்கி, ஒற்றைக் காலால் கைபோலப் பற்றித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளித்தோலை நார்நாராக உரித்து உள்ளிருந்த வெண்மையான தண்டைத் தின்றதைப் பத்து நிமிடங்கள் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் அருகிலேயே மிதந்த இலைகளின்மேல் நீளவால் இலைக்கோழி நடந்துபோயிற்று. இனப்பெருக்கக் காலம் முடிந்து அந்த நீண்ட வால் உதிர்ந்துவிட்டிருந்ததால், மிக நீண்ட கால்விரல்களை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

இங்கும் குறை உண்டு. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு சதுப்பின்மேலேயே அமைந்திருக்கிறது. காற்று திரும்பினால் நாற்றம் தாங்க முடியாது, இத்தனை உயிர்கள் வாழும் இடத்தில் அதைக் காண மனம் வலிக்கிறது. கனமழை பெய்தால், சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரெல்லாம் இங்கே வந்து சேர்வதால் நீர்மட்டம் சட்டென்று உயர்ந்து, குட்டைக்கால் பறவைகள் இடம்பெயர்ந்துவிடும். ஒக்கியம் மடுவு வழியாக நீர் வடிந்து சேற்றுக்கரை மீண்டும் தலைகாட்ட நாலைந்து நாள்களாவது ஆகும் என்பது என் அனுபவம். பெருமழைக்கு மறுநாளே கிளம்ப வேண்டாம்.

வேடந்தாங்கலை நான் குறைத்துச் சொல்லவில்லை. எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அறிந்து, பறவைகளைச் சுடக் கூடாது என்று போராடி, 1798-லேயே கலெக்டரிடம் எழுத்தில் உரிமை பெற்ற ஊர் அது. மார்கழி, தை மாதங்களில், கிளைதோறும் குஞ்சுகள் கத்தும்போது, அதற்கு ஈடாகப் பள்ளிக்கரணையை நான் சொல்ல மாட்டேன்.

வேடந்தாங்கலுக்குச் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கரிக்கிலி ஏரிக்கு ஒரே ஒரு கார்த்திகையில் போயிருக்கிறேன். திறந்த நீர்ப்பரப்பில் நீலச்சிறகி வாத்துகள் கூட்டமாக மிதந்தன, பார்க்க ஆளே இல்லை. அந்த ஒரு காலைப் பொழுதை வைத்து அதைப் பள்ளிக்கரணைக்கு மேலே வைக்க எனக்குத் துணிவில்லை. மழை பிந்தும் ஓர் ஆண்டில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.