ஸ்கேனுக்கும் மீட்டர் போடும் மெஷினோடு மூன்று வருடம்

திருவொற்றியூரில் டிரெய்லர் ஆபீஸ் போடப்போகும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். "ஜெராக்ஸ் மெஷின் சொந்தமா வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா? நீதான் ரெண்டையும் பாத்தவனாச்சே." அன்றைக்குக் காலையில்தான் எங்கள் மெஷினுக்கு மாத பில் வந்திருந்தது. கேட்கக்கூடாத நாளாகப் பார்த்துக் கேட்டுவிட்டான்.

லிங்கிச் செட்டித் தெருவில் எங்களுக்குக் கிளியரிங் ஏஜென்ட் தொழில், அதாவது சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் வேலை. 2023 தொடக்கத்தில் 36 மாத வாடகைக்குக் கையெழுத்துப் போட்டோம். மாதம் 2,800 ரூபாய், அதில் 5,000 காப்பி அடக்கம். மேலே போனால் காப்பிக்கு 50 பைசா. டோனர், டிரம், சர்வீஸ் அவர்கள் பாடு. பேப்பரும் கரண்டும் நம் பாடு. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தமெல்லாம் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்து ஏழாவது வரியில் இருக்கிறது: ஸ்கேன் ஒன்றுக்கு 15 பைசா. கையெழுத்துப் போடும்போது படித்தேன். பதினைந்து பைசாதானே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தொழிலில் இப்போது காப்பியைவிட ஸ்கேன்தான் அதிகம். 2018இல் சுங்கத்துறை, ஆவணங்களை ஆன்லைனில் ஏற்றும் இ-சஞ்சித்தைக் கட்டாயமாக்கிய பிறகு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஆரிஜின் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஒரு ஃபைல் 1 எம்.பி.யைத் தாண்டக்கூடாது. புதிதாகச் சேர்ந்த பையன் நாற்பது பக்க பேக்கிங் லிஸ்ட்டைக் கலரில் எடுத்துவிடுவான். ஃபைல் ஊதிப்போய் ஏறாது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, தெளிவு 200 டி.பி.ஐ. வைத்து, மறுபடி நாற்பது. மெஷினுக்குப் பையன் புதுசு என்பதெல்லாம் தெரியாது, எண்பது என்று எண்ணிக்கொள்ளும்.

மாதம் சராசரியாக 6,000 ஸ்கேன். 900 ரூபாய். 36 மாதத்துக்கு 32,400. டோனர் ஒரு சிட்டிகை போகவில்லை, பேப்பர் ஒன்று குறையவில்லை. உள்ளே ஒரு விளக்கு எரிந்து அணைகிறது, அவ்வளவுதான். மீட்டர் பார்க்க மாதக் கடைசியில் வரும் தம்பியிடம் கேட்டேன். "ஃபீடர் ரோலர் தேயுது சார்" என்றார். சரி, நியாயம். தேய்கிறது. தேய்ந்தபோது மாற்றியும் தந்தார்கள். ஆனால் பாஸ்போர்ட்டைக் கண்ணாடியில் வைத்து எடுத்தாலும் மீட்டர் ஓடுகிறதே, அங்கே எந்த ரோலர் தேய்கிறது? அதற்கு அவர் சிரித்துவிட்டு மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாவம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் கட்டிடத்தின் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகி, நேராக மெஷின் தலையில் கொட்டியிருந்தது. ஆபீஸைத் திறந்து பார்த்தால் பேப்பர் டிரேயில் தண்ணீர் தேங்கி, உள்ளே டோனர் குழைந்து தார் மாதிரி கிடக்கிறது. சொந்த மெஷினாக இருந்தால் அன்றைக்கே தலையில் துண்டுதான். அந்த வியாழக்கிழமை இரண்டு பேர் குட்டியானையில் வேறொரு மெஷினைக் கொண்டுவந்து, குறுகலான மாடிப்படியில் மூச்சுவாங்கத் தூக்கிவந்து வைத்துவிட்டு, நனைந்ததை எடுத்துப் போனார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தபோது மனதார வாழ்த்தினேன். அந்த மாதமும் ஸ்கேனுக்கு பில் வந்தது என்பதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

அதற்கு முன்னால் இருந்தது சொந்த மெஷின். செகண்ட் ஹேண்ட். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் பேப்பர் ஈரம் இழுத்து அப்பளம் மாதிரி வளையும், பத்துக்கு ஒன்று உள்ளே சிக்கும். பேப்பர் அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு ஓட்டினோம். ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தோம், டிரம், ஃபியூசர், ரோலர் நீங்கலாக. அப்படியானால் அதில் என்னதான் அடக்கம் என்று கேட்டதற்கு மெக்கானிக் சொன்ன பதில்: "வந்து பாக்குறது சார்."

வரி விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கட்டிய ஜி.எஸ்.டி.யை இரண்டிலும் கிரெடிட்டாக எடுத்து நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வாடகை முழுவதும் அந்தந்த வருடச் செலவு. சொந்தமென்றால் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். ஆடிட்டர் இதற்கு மேல் பேச ஆர்வம் காட்டவில்லை.

கூட்டிக் கழித்தால் எங்களை மாதிரி ஒழுகுகிற கூரைக்கும் ஓயாத வேலைக்கும் வாடகைதான் சரி. மூன்று வருடத்தில் அரை நாளுக்கு மேல் மெஷின் நின்றதாக அந்தப் புயல் வாரத்தைத் தவிர ஞாபகமே இல்லை. நண்பனிடம் என்ன சொன்னேன்? "வாங்கிடுடா. நீ விளக்குப் போட்டா எவனும் எண்ண மாட்டான்."

எங்கள் மேஜையில் புது ஒப்பந்தம் கிடக்கிறது, இன்னும் 36 மாதத்துக்கு. ஏழாவது வரியில் 15ஐ அடித்து 5 என்று எழுதி, சீல் வைத்துப் போன் பண்ணினேன். மேலிடத்தில் காட்ட வேண்டுமாம். நாலு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பச் சொல்கிறார்கள். அறுபது பைசா.